பூட்டு திறக்கவில்லையா? எப்படித் திறக்கவில்லை என்று முதலில் பாருங்கள்

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டு கேரேஜில் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தாறு பேர் கூடிச் சாவி இல்லாமல் பூட்டு திறந்து பழகுகிறோம், மாதம் ஒரு தடவை கடிகாரம் வைத்துப் போட்டியும் நடத்துகிறோம். புதிதாக வரும் பிள்ளைகள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "அங்கிள், இது திறக்க மாட்டேங்குது." அதை மட்டும் வைத்து நான் ஒன்றும் சொல்ல முடியாது. உருளை அசையவே இல்லையா, கொஞ்சம் திரும்பி நின்றதா, முழுக்கத் திரும்பியும் வளையம் வரவில்லையா என்று கேட்பேன், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. அதே பதில்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்ததால் அறிகுறி வாரியாக இங்கே எழுதி வைக்கிறேன். ஒவ்வொரு அறிகுறியிலும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் பாருங்கள், புதுக் கருவி வாங்குவது கடைசி.

சொற்களில் குழப்பம் வேண்டாம். உருளை என்றால் சாவி போட்டால் திரும்புகிற நடுப்பகுதி. கூடு என்றால் அதைச் சுற்றியிருக்கும் உடம்பு. வளையம் என்றால் தொங்கு பூட்டில் மாட்டுகிற வளைந்த கம்பி. உள்ளே வரிசையாக இருக்கிற சிறு குச்சிகள்தான் பின். அதில் சாவியைத் தொடுவது கீ பின், அதன் மேல் ஸ்பிரிங்கோடு உட்கார்ந்திருப்பது டிரைவர் பின். இரண்டும் சந்திக்கும் இடம் உருளையின் விளிம்போடு ஒன்றினால் அந்தப் பின் செட் ஆகிவிட்டது. திருப்பும் அழுத்தம் கொடுக்கிற கம்பியை நாங்கள் டென்ஷனர் என்கிறோம், பின்னைத் தள்ளுகிற கம்பியை பிக்.

இரண்டு விதி எங்கள் மேஜையில் மாறவே மாறாது. உங்களுடைய பூட்டை மட்டும் தொடுங்கள், அல்லது சொந்தக்காரர் கையில் கொடுத்துச் சொன்ன பூட்டை. அப்புறம், உபயோகத்தில் இருக்கிற பூட்டைத் தொடாதீர்கள், அது உங்கள் வீட்டுக் கதவாகவே இருந்தாலும். ஏன் என்று கீழே வரும்.

பின் எல்லாம் துள்ளுகிறது, ஒன்றுமே பிடிக்கவில்லை

தள்ளினால் மேலே போகிறது, விட்டால் கீழே வருகிறது, எந்தப் பின்னும் இறுக்கமாக இல்லை.

முதலில் டென்ஷனரைப் பாருங்கள், பத்தில் எட்டுத் தடவை கோளாறு அங்கேதான். அது உருளையைத் திருப்புகிறதா, இல்லை அதன் முனை கூட்டில் முட்டிக்கொண்டு நிற்கிறதா? முட்டினால் விரல் அழுத்துவது உங்களுக்குத் தெரியும், உருளைக்குத் தெரியாது. பிக்கை வெளியே எடுத்துவிட்டு டென்ஷனரை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள், உருளை மயிரிழை அளவாவது அசைய வேண்டும். அசையவில்லை என்றால் டென்ஷனரைச் சற்று வெளியே இழுத்து வையுங்கள்.

அசைகிறது, ஆனாலும் பிடிக்கவில்லையா? அழுத்தம் போதவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில் ஒரே ஒரு பின் மற்றவற்றைவிடக் கடினமாகும், அதைத்தான் தேடுகிறோம்.

அதுவும் இல்லை என்றால் டென்ஷனர் சாவித்துவாரத்தில் லொடலொடவென்று ஆடுகிறதா என்று பாருங்கள். பின் இல்லாத அடி ஓரத்தில் வைப்பதைவிட, பின் இருக்கிற பக்கத்து வாய் ஓரத்தில் தட்டையான டென்ஷனரை வைத்தால் பிக்குக்கு இடமும் கிடைக்கும், பிடியும் கெட்டியாக இருக்கும். ஆனால் தடிமன் அந்தத் துவாரத்துக்குப் பொருந்த வேண்டும். காரின் பழைய வைப்பர் பிளேடுக்குள் இருக்கிற தட்டைக் கம்பியை வெட்டி அரம் போட்டு நாங்களே செய்துகொள்கிறோம், கடைக்குப் போகத் தேவையில்லை.

பின் எல்லாம் கல்லாக இறுகிக் கிடக்கிறது

விரலை எடுங்கள். நிஜமாகவே சொல்கிறேன், முழுக்க எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். புதியவர்கள் சாவி திருப்புகிற பலத்தோடு டென்ஷனரை அழுத்துகிறார்கள், அப்போது ஒரு பின்னுக்குப் பதிலாக மூன்று நான்கு பின் ஒன்றாகச் சிக்கிக்கொள்கிறது. விரல்நுனி வெளுக்கிற அளவுக்கு அழுத்தினால் அதிகம். கணினி விசைப்பலகையில் ஓர் எழுத்தை அமுக்குகிற பலம் போதும், பல பூட்டுக்கு அதுகூட வேண்டாம்.

அழுத்தத்தைக் குறைத்தும் கல்லாகவே இருந்தால், நீங்கள் தொடுவது பின்தானா என்று பாருங்கள். சாவித்துவாரத்தின் பக்கச் சுவர்களில் மேடு பள்ளம் இருக்கும், பிக்கின் தண்டு அதில் உட்கார்ந்துகொண்டால் முனை எதையும் தள்ளாது. டென்ஷனரை எடுத்துவிட்டு ஒவ்வொரு பின்னையும் தள்ளுங்கள். துள்ளினால் பூட்டு நன்றாக இருக்கிறது, பிக் போகும் கோணத்தை மாற்றுங்கள்.

டென்ஷனர் இல்லாமலும் பின் அசையவில்லையா? அப்படியானால் டர்பன் காற்றின் வேலை. கடலோரத்தில் இருக்கிற நமக்கு இது பெரிய தொல்லை. பித்தளை தாங்கிவிடுகிறது, உள்ளே இருக்கிற இரும்பு ஸ்பிரிங்கும் வளையத்தைப் பிடிக்கிற பாகமும் உப்புக் காற்றில் துருப்பிடிக்கிறது. சாவி உள்ள பூட்டு என்றால் சாவியைப் போட்டு எடுத்து, போட்டு எடுத்து, ஸ்ப்ரே அடித்து இளக்குங்கள். டபிள்யூடி-40 அழுக்கை இளக்கும், ஆனால் அதை மட்டுமே அடித்துவிட்டு விடாதீர்கள், காய்ந்த பிறகு மசகு அதிகம் மிஞ்சாது. அதற்கு மேல் உலர்ந்த பிடிஎஃப்இ (டெஃப்லான்) ஸ்ப்ரே போடுங்கள். கிராஃபைட் தூள் நல்லதுதான், ஆனால் எண்ணெய் போட்ட பூட்டில் தூவினால் இரண்டும் கலந்து கருப்புப் பசையாகிவிடும், அப்புறம் பிரித்துக் கழுவுவதைத் தவிர வழியில்லை. ஃபீனிக்ஸில் பழைய சாமான் விற்பவரிடம் ஒரு பை நிறைய துருப்பிடித்த பூட்டு வாங்கினோம், ஒரு ராத்திரி பாரஃபினில், அதாவது மண்ணெண்ணெயில், ஊறவைத்ததில் பாதிக்கு மேல் உயிர் பெற்றன. வெளியில், காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்குத் தள்ளி வைத்து ஊறவையுங்கள்.

ஒரே ஒரு பின் மட்டும் செத்தது போல இருக்கிறது

டென்ஷனர் போட்டிருக்கும்போது மட்டும் அப்படி என்றால் பயப்பட வேண்டாம். சாவியில் அந்த இடத்தில் வெட்டு மிக ஆழமாக இருந்தால் கீ பின் நீளமாக இருக்கும், தள்ளாமலேயே அது செட் ஆன உயரத்தில் நிற்கும். அதைத் தள்ளினால்தான் தப்பு. அதை விட்டுவிட்டு மற்றவற்றைப் பாருங்கள்.

டென்ஷனர் இல்லாமலும் தள்ளினால் மேலேயே நின்றுவிடுகிறது, திரும்பி வரவில்லை என்றால் ஸ்பிரிங் நசுங்கியிருக்கும், அல்லது அழுக்கில் ஒட்டியிருக்கும். முன்னது என்றால் பிரித்து ஸ்பிரிங் மாற்ற வேண்டும்.

உருளை நூலளவு திரும்பி அப்படியே நின்றுவிட்டது

இதுதான் எல்லோரையும் பிடிக்கிற இடம், நானும் இதில் மாதக்கணக்கில் நின்றிருக்கிறேன். திறக்கப் போகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் அழுத்துவோம், அது இன்னும் இறுகும். பூட்டு செய்தவர்கள் அதற்காகவே வடிவமைத்த ஏமாற்று இது. டிரைவர் பின்னின் இடுப்பை நூல்கண்டு மாதிரி ஒல்லியாகக் கடைந்திருப்பார்கள், அதுதான் ஸ்பூல் பின். உருளை அந்த இடுப்புக்குள் விழுந்து திரும்பியது போலக் காட்டும். இதை ஃபால்ஸ் செட் என்கிறோம். இங்கிருந்து மூன்று வழி பிரிகிறது, எது உங்களுடையது என்று ஒவ்வொரு பின்னையும் மெதுவாகத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

*ஒரு பின்னைத் தள்ளினால் உருளை பின்னோக்கித் திரும்பி விரலைத் தள்ளுகிறது.* நல்ல செய்தி. அதுதான் ஸ்பூல், நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். இப்போது டென்ஷன் விரலை இளக்கி, உருளை பின்வாங்க விட்டபடியே அந்தப் பின்னை நிதானமாகத் தள்ளுங்கள். டிக் என்று உட்காரும், உருளை முன்னைவிடச் சற்று அதிகமாகத் திரும்பலாம். இதற்கு நடுவில் ஏற்கனவே செட் ஆன வேறு ஒரு பின் கீழே விழுந்தால் கலங்காதீர்கள், அது சகஜம், மறுபடி அதைத் தூக்கிவிட்டுத் தொடருங்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் எல்லாப் பின்னும் விழுந்துவிடுகிறது என்றால் விரலை இளக்குவதற்குப் பதில் விட்டுவிடுகிறீர்கள். இதைப் பழக நாங்கள் செய்வது, பிக்கைக் கீழே வைத்துவிட்டு, ஃபால்ஸ் செட்டில் நிற்கிற உருளையை டென்ஷனரால் மட்டும் ஒரு நூல் பின்வாங்க விட்டு மறுபடி பிடிப்பது. பத்து நிமிடம் அதையே செய்யுங்கள். எங்கள் மேஜையில் வேகமாகத் திறக்கிற பையன் ஒருவன் முதல் ஒரு மாதம் இதைத் தவிர வேறு எதுவும் செய்யவில்லை.

*உருளை பின்வாங்கவில்லை, ஆனால் ஒரே பின்னில் டிக், டிக், டிக் என்று பல சத்தம்.* இது பல் வெட்டிய செரேட்டட் பின். ஒவ்வொரு பல்லும் செட் ஆனதுபோல ஏமாற்றும். அமெரிக்கன் லாக் 1100 பூட்டு இதற்குப் பெயர் போனது, அதில் ஸ்பூலும் பல் பின்னும் கலந்தே வரும். இங்கே ஒரு பின்னைப் பிடித்து முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரு பல், அடுத்த பின்னுக்குப் போ, அங்கே ஒரு பல், மறுபடி முதல் பின்னுக்கு வா, இப்படிச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். பின்னைத் தள்ளுகிற கை ஒரு பல்லுக்கு மேல் ஒரேயடியாகத் தாண்டினால் கீழே வருகிற மூன்றாவது வழிக்குப் போய்விடுவீர்கள்.

*எதுவும் அசையவில்லை, ஒரு பின் உயரத்தில் கல்லாக நிற்கிறது.* ஓவர்செட். கீ பின்னே உருளையின் விளிம்பைத் தாண்டிப் போய் மாட்டிக்கொண்டது. சரியாகச் செட் ஆன பின்னைத் தொட்டால் கீ பின் லேசாக ஆடும், ஓவர்செட் ஆனதில் அந்த ஆட்டமே இருக்காது. எப்படி மீட்பது? டென்ஷனைத் தலைமுடி அளவுக்கு இளக்கிக் காதைப் பூட்டில் வைத்துக் கேளுங்கள், ஒரு பின் மட்டும் விழுகிற சத்தம் வந்தால் உடனே விரலைப் பிடித்துக்கொள்ளுங்கள், மிச்சமெல்லாம் நின்றபடி இருக்கும். பழகாத கைக்கு இது பத்தில் ஒரு தடவைதான் வேலை செய்யும், அதனால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அடிக்கடி ஓவர்செட் ஆகிறதென்றால் உங்கள் ஹூக்கின், அதாவது முனை வளைந்த பிக்கின், வளைவு உயரம் அந்தப் பூட்டுக்கு அதிகம். குட்டையான ஹூக்கை எடுங்கள். கருவி மாற்றுவதில் அர்த்தம் இருக்கிற இடம் இது.

நேற்று திறந்தது, இன்று திறக்கவில்லை

நேற்று எப்படித் திறந்தீர்கள்? ரேக்கை (அலை மாதிரி மேடு பள்ளம் உள்ள பிக்கை) உள்ளே விட்டு ஆட்டித் திறந்திருந்தால் அது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தைத் திரும்பச் செய்து காட்ட முடியாது. ஒரு பின் ஒரு பின்னாகத் திறந்தீர்கள் என்றால் எந்த வரிசையில் பிடித்தது என்று எழுதி வையுங்கள். முன்னாலிருந்து எண்ணி 4, 1, 5, 2, 3 என்று ஒரு துண்டுச் சீட்டு, பூட்டோடு ரப்பர் பேண்டில் கட்டி வையுங்கள். அழுத்தம் ஒரே அளவில் இருந்தால் வரிசை பெரும்பாலும் மாறாது. வரிசையே மாறிவிட்டது என்றால் நீங்கள் வேறு பலத்தில் அழுத்துகிறீர்கள், அல்லது கடிகாரச் சுற்றுக்கு எதிர்த்திசையில் திருப்புகிறீர்கள். திசை மாறினால் பிடிக்கிற வரிசையும் மாறும், அதையும் சீட்டில் எழுதுங்கள்.

உருளை திரும்பிவிட்டது, பூட்டு திறக்கவில்லை

தொங்கு பூட்டு என்றால் திசையைப் பாருங்கள். சில பூட்டுகளில் எல்லாப் பின்னும் எதிர்த்திசையிலும் செட் ஆகும், உருளை கொஞ்சம் திரும்பும், வளையம் மட்டும் வராது. சரியான திசையில் மறுபடி திறக்க வேண்டியதுதான்.

திசை சரியா? வளையத்தை உள்ளே ஒரு தடவை தள்ளிவிட்டு இழுங்கள், ஸ்பிரிங் பலத்தில் சிக்கியிருக்கும். அப்படியும் வராவிட்டால் வளையத்தின் காலில் துரு. முன்னே சொன்ன பாரஃபின் வைத்தியம்.

கதவுப் பூட்டின் சிலிண்டரை மேஜையில் வைத்துத் திறக்கிறீர்கள் என்றால் வேறு ஒன்று நடக்கும். உருளை பாதிச் சுற்று வந்து, 180 பாகையில் டக்கென்று நின்றுவிடும். டிரைவர் பின்கள் சாவித்துவாரத்தின் அடிவாயில் ஸ்பிரிங் பலத்தோடு வந்து விழுந்துவிட்டன. டென்ஷனரின் தட்டையான பக்கத்தாலோ பிக்கின் முதுகாலோ எல்லாவற்றையும் ஒன்றாக உள்ளே அமுக்கிக்கொண்டே தாண்டித் திருப்புங்கள். அங்கே பலத்தைக் காட்டினால் ஸ்பிரிங் நசுங்கும்.

பிக் வளைகிறது, முனை உடைந்து உள்ளே போய்விட்டது

வளைவதற்குக் காரணம் உலோகத்தைவிடப் பெரும்பாலும் கை. பின்னைத் தள்ளும்போது பிக்கை நெம்புகோல் மாதிரி நெம்புகிறீர்கள், அது மட்டும் போதாதென்று டென்ஷன் வேறு அதிகம். டென்ஷனைப் பாதியாக்கிப் பாருங்கள், அதே பிக் அதே பின்னைச் சுலபமாகத் தூக்கும். அப்படியும் வளைந்தால் தடிமன் போதவில்லை. சாதாரணமாகக் கிடைப்பவை 0.38, 0.46, 0.64 மில்லிமீட்டர். அகலமான துவாரத்துக்குத் தடித்தது, குறுகலானதற்கு மெல்லியது. நான் முதலில் வாங்கிய மலிவு செட்டில் மூன்று பிக் ஒரே வாரத்தில் ஒடிந்தன, ஓரமெல்லாம் கத்தி மாதிரி கூர்மை, அதில் விரிசல் விழுந்து அங்கிருந்தே உடைந்தது. புதிதாக வாங்கிய பிக்கை முதலில் 400 எண் உப்புத்தாளில், அப்புறம் 800-இல் நீள வாக்கில் தேயுங்கள். வழவழப்பான பிக் பின்னின் சேதியை விரலுக்கு நன்றாகச் சொல்லும்.

உடைந்த துண்டு உள்ளே இருக்கிறதா? துவாரம் தரையைப் பார்க்கும்படி பிடித்து மேஜை ஓரத்தில் மெல்லத் தட்டுங்கள். விழவில்லை என்றால் இரண்டு மெல்லிய பிக்கைத் துண்டின் இரு பக்கமும் விட்டு, டென்ஷன் எதுவும் இல்லாமல், வெளியே இழுங்கள். பிசின் போட்டு ஒட்டி இழுக்கிற யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஒரு துளி தவறினாலும் பின் எல்லாம் ஒட்டிக்கொண்டு பூட்டே போய்விடும். பயிற்சிப் பூட்டு என்றால் பிரித்து எடுப்பது கடைசி வழி.

பிரித்துச் சேர்த்த பிறகு சாவிக்கே திறக்கவில்லை

பூட்டைப் பிரித்து உள்ளே என்ன பின் இருந்தது என்று பார்க்காமல் இந்த ஆட்டம் நிறைவாகாது, ஆனால் அழுகையும் இங்கேதான். சாவி முழுக்க உள்ளே போகிறதா என்று முதலில் பாருங்கள். போகவில்லை என்றால் ஏதோ ஒரு டிரைவர் பின் கீ பின்னோடு தவறான அறையில் கிடக்கிறது. போகிறது, ஆனால் திரும்பவில்லை என்றால் இரண்டு கீ பின் இடம் மாறியிருக்கும். சாவியைப் போட்டபடி உருளையை மட்டும் வெளியே எடுத்துக் கண்ணால் பாருங்கள், பின் தலைகள் எல்லாம் விளிம்போடு சமமாக இருக்க வேண்டும், எது மேலே துருத்துகிறதோ எது பள்ளமாக இருக்கிறதோ அவை இரண்டும்தான் மாறியவை. திரும்புகிறது, ஆனால் கரகரக்கிறது என்றால் ஸ்பிரிங் நுனி உருளைக்கும் கூட்டுக்கும் நடுவில் மாட்டியிருக்கும். பலம் போடாமல் அப்படியே நிறுத்திப் பிரியுங்கள்.

அடுத்த தடவைக்கு: உருளையை எடுக்கும்போது அதே குறுக்களவு உள்ள உருண்டைக் கட்டையைப் பின்னாலேயே இடைவெளி விடாமல் தள்ளுங்கள், ஸ்பிரிங் பறக்காது. முட்டை வைக்கிற அட்டைத் தட்டில் ஒரு குழிக்கு ஒரு பின் என்று முன்னாலிருந்து வரிசையாக வையுங்கள்.

வீட்டில் திறக்கிறது, போட்டியில் திறக்கவில்லை

எங்கள் போட்டியில் ஆறு பேர், ஆறு பூட்டு, ஒரு பூட்டுக்கு ஐந்து நிமிடம், அப்புறம் வலப்பக்கம் தள்ள வேண்டும். வீட்டில் வைஸில் (மேஜையில் பொருத்திய இடுக்கியில்) பிடித்துப் பழகியவர்கள் கையில் பிடித்துத் திறக்கச் சொன்னால் திணறுகிறார்கள். இரண்டிலும் பழகுங்கள். இன்னொன்று, நேரம் ஓடுகிறது என்றதும் டென்ஷன் விரல் தானாக இறுகும், உங்களுக்கே தெரியாது. ஒரு நிமிடத்துக்கு ஒரு தடவை விரலை எடுத்து உதறிவிட்டு மறுபடி வையுங்கள், ஐந்து விநாடி போனால் போகட்டும். 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சி நடந்த ஆண்டில் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், பல ஆண்டுகளாக யாரும் திறக்காத பிராமா பூட்டைத் திறக்க 16 நாளில் 51 மணி நேரம் உட்கார்ந்தார். ஐந்து நிமிடத்தில் திறக்காத பூட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் அந்த மாதிரி உட்காருங்கள், அடுத்த மாதம் அதே பூட்டு உங்களுக்கு இரண்டு நிமிடம்.

பூட்டுக்காரரைக் கூப்பிட வேண்டிய இடம்

உபயோகத்தில் இருக்கிற பூட்டில் எது நடந்தாலும் அவர்தான். முனை உடைந்து கதவுப் பூட்டில் மாட்டியது, சாவி உள்ளே ஒடிந்தது, இரும்பு கேட்டின் பூட்டு இறுகியது, பெட்டகம் திறக்கவில்லை, எதுவானாலும். நம் வீடுகளில் உள்ளறைக் கதவுகளில் இருக்கிற லீவர் பூட்டில் நெம்பிப் பார்த்து லீவர் கழன்று விழுந்தால் சாவிக்கும் திறக்காது, அப்புறம் கதவை வெட்ட வேண்டியதுதான். பயிற்சிப் பூட்டைப் பொறுத்தவரை, பூட்டின் விலையைவிட அவருடைய கூலி அதிகம், துருவேறி இறுகினால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள்.

கூப்பிடும்போது பதிவு எண்ணைக் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவில் 2001-ஆம் ஆண்டின் 56-ஆம் எண் சட்டப்படி பூட்டு வேலையும் பாதுகாப்புச் சேவையில் சேரும், செய்பவர் பிசிரா (PSIRA) என்று நாம் சொல்கிற தனியார் பாதுகாப்புத் துறை ஒழுங்காற்று ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பூட்டு திறந்து பழகுகிற நமக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. வீடு புகுந்து திருடப் பயன்படும் என்று நியாயமாகச் சந்தேகப்படக்கூடிய கருவி கையில் இருந்து, அதற்குத் திருப்தியான விளக்கம் சொல்ல முடியாவிட்டால் குற்றம் என்று 1993-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதனால் பிக் பையைக் காரில் போட்டுக்கொண்டு சுற்றாதீர்கள். சனிக்கிழமை கேரேஜுக்கு வரும்போது பயிற்சிப் பூட்டுகளோடு ஒரே பெட்டியில் கொண்டுவாருங்கள், முடிந்ததும் நேரே வீட்டுக்கு.

போன குளிர்காலத்தில் ராத்திரி ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டு அக்கா வந்து நின்றார், சாவி உள்ளே, கேட் சாத்திக்கொண்டது. "தம்பி, நீதான் பூட்டெல்லாம் திறப்பியே, இத ஒரு நிமிஷம் பாரேன்" என்றார். அந்தப் பூட்டு வகை எனக்குத் தெரியும், ஒருவேளை திறந்தும் இருப்பேன். ஆனால் முனை ஒன்று உள்ளே உடைந்தால் அக்காவும் இரண்டு பிள்ளைகளும் விடியும் வரை வெளியே. "அக்கா, வேண்டாம், பூட்டுக்காரருக்கு போன் போடுறேன், அதுவரைக்கும் பிள்ளைங்களோட வீட்டுக்குள்ள வந்து உட்காருங்க" என்றேன். பூட்டுக்காரர் வந்து பதிவு அட்டையைக் காட்டிவிட்டுத் திறந்தபோது மணி பத்தேமுக்கால், அதற்குள் பிள்ளைகள் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்கியிருந்தார்கள்.